நைக்ரோம் கம்பி: கேஜ் மாறினால் ஓம் எவ்வளவு மாறும்? தெர்மாகோல் வெட்டும் வில்லுக்குக் கணக்கு வேண்டும்

#1 நுரைத்தச்சன்

எல்லோருக்கும் வணக்கம். தெர்மாகோல் வெட்ட மரத்தில் செய்த வில், கம்பி நீளம் 40 செ.மீ. மின்சாரத்துக்கு எல்இடி ஸ்ட்ரிப்புடன் வரும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர்.

32 கேஜ் நைக்ரோம் மாட்டினால் வெட்டுகிறது. ஆனால் அகலமான பிளாக்கில் கம்பி நடுவில் பின்தங்கி வளைகிறது, அடிக்கடி அறுந்தும் போகிறது. அதனால் தடித்த கம்பி போடலாம் என்று 24 கேஜ் மாட்டினால் சூடே ஏறவில்லை. அடாப்டரில் உள்ள பச்சை விளக்கு மட்டும் விட்டு விட்டு மினுக்குகிறது.

தடித்த கம்பியைச் சூடாக்க வோல்ட் அதிகம் வேண்டுமா? 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர் ஒன்று இருக்கிறது, அதை மாட்டலாமா? கேஜுக்கும் ஓமுக்கும் நடுவே உள்ள கணக்கை யாராவது தெளிவாகச் சொன்னால் நல்லது.

#2 செம்புக்கம்பி

கம்பி மெல்லிசா இருந்தா சூடாகும், தடிமனா இருந்தா ஆகாது. ஸ்விட்ச்ல இருந்து வர்ற தடி ஒயர் சூடாகாது, பல்புக்குள்ள இருக்கிற மெல்லிசு இழை எரியும், அதே கதைதான். 24 கேஜுக்கு வோல்ட்டை ஏத்தணும். 19 வோல்ட் போட்டுப் பாருங்க.

#3 ஓம்கணக்கு

19 வோல்ட் மாட்ட வேண்டாம். கோளாறு நீங்கள் நினைக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது.

மின்தடை கம்பியின் நீளத்தோடு கூடும், குறுக்குவெட்டுப் பரப்போடு குறையும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகும், ஓம் நான்கு மடங்காகும். உங்கள் இரண்டு கம்பியுமே இதற்குச் சரியான உதாரணம்: 32 கேஜ் 0.274 மி.மீ, 24 கேஜ் 0.559 மி.மீ. விட்டம் ஏறக்குறைய இரட்டிப்பு.

80/20 நைக்ரோமுக்கு (80 சதம் நிக்கல், 20 சதம் குரோமியம்) ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் நீளத்தின் தடை 1.09 ஓம். அதை வைத்துப் போட்ட அட்டவணை, எல்லாம் எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கம்பி அளவு) கேஜ்:

20 கேஜ், 0.914 மி.மீ, மீட்டருக்கு 1.66 ஓம்
22 கேஜ், 0.711 மி.மீ, 2.7 ஓம்
24 கேஜ், 0.559 மி.மீ, 4.4 ஓம்
26 கேஜ், 0.457 மி.மீ, 6.6 ஓம்
28 கேஜ், 0.376 மி.மீ, 9.8 ஓம்
30 கேஜ், 0.315 மி.மீ, 14 ஓம்
32 கேஜ், 0.274 மி.மீ, 18.5 ஓம்
34 கேஜ், 0.234 மி.மீ, 25 ஓம்

இப்போது உங்கள் வில். 40 செ.மீ 32 கேஜ் என்றால் 7.4 ஓம். 12 வோல்ட்டில் 1.6 ஆம்பியர், 19 வாட். அடாப்டர் தாங்குகிறது. அதே 40 செ.மீ 24 கேஜ் என்றால் 1.78 ஓம்தான். 12 வோல்ட்டில் 6.7 ஆம்பியர், 81 வாட் இழுக்கப் பார்க்கும். 2 ஆம்பியர் அடாப்டர் அதைத் தர முடியாமல் தன்னையே அணைத்துக்கொள்கிறது. ஒரு நொடி கழித்து மறுபடி முயல்கிறது, மறுபடி அணைகிறது. விளக்கு மினுக்குவது அதனால்தான். கம்பிக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை.

19 வோல்ட் போட்டால் 10.7 ஆம்பியர், 200 வாட். லேப்டாப் சார்ஜரும் மினுக்கும். பாதுகாப்பு இல்லாத டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் ஏதாவது ஒன்று கருகும் வரை ஓடும்.

#4 செம்புக்கம்பி

கணக்கு புரியுது சார். ஆனா ஒரு சந்தேகம் நிக்குது. ஒரே லைன்ல மெல்லிசு, தடிமன் ரெண்டையும் சேர்த்தா மெல்லிசுதான் சூடாகுது. அது கண்ணால பார்க்கிற விஷயமாச்சே?

#5 ஓம்கணக்கு

அதுவும் உண்மை, இதுவும் உண்மை. நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு கம்பியை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் இரண்டிலும் ஓடும் ஆம்பியர் ஒன்றே. வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கியது. ஜூல் 1841-இல் அளந்து சொன்ன விதி அது. ஆம்பியர் பொதுவாக இருப்பதால் ஓம் அதிகமுள்ள மெல்லிய கம்பி சூடாகும். ஸ்விட்ச் ஒயரும் பல்பு இழையும் இந்த வகை.

தனித்தனியாக 12 வோல்ட்டில் மாட்டினால் பொதுவாக இருப்பது வோல்ட். அப்போது வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தது. ஓம் குறைந்த தடித்த கம்பிதான் அதிக வாட் இழுக்கும்.

ஆக, எது மாறாமல் நிற்கிறது என்பதை முதலில் கேளுங்கள். வில்லுக்கு அடாப்டர் மாட்டும்போது மாறாமல் நிற்பது வோல்ட். தடித்த கம்பி அதிகம் சூடாகும், அடாப்டரால் கொடுக்க முடிந்தால்.

எவ்வளவு அதிகம்? வாட் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வெப்பத்தை வெளியே விடும் மேற்பரப்பு விட்டத்தோடு மட்டும் கூடுகிறது. இரண்டையும் வகுத்தால் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் வாட் விட்டத்துக்கு நேர் விகிதம். 32-இலிருந்து 24-க்குப் போனால் வாட் நான்கு மடங்கு, மேற்பரப்புச் சுமை இரண்டு மடங்கு.

நீளத்தின் பிடி இதைவிடக் கடுமை. நீளம் இரட்டித்தால் வாட் பாதியாகும், மேற்பரப்பு இரட்டிக்கும். சுமை கால் பங்காக இறங்கிவிடும். வில்லின் சூட்டைத் திருத்த கேஜைவிட நீளம்தான் வலுவான கருவி.

#6 நுரைத்தச்சன்

நன்றி சார், இப்போதுதான் மினுக்கலின் காரணம் புரிகிறது. ஒரு கேள்வி. 28 கேஜ் 40 செ.மீ-க்கு ஒரு இணையக் கால்குலேட்டர் 7.2 ஓம் என்று காட்டுகிறது. உங்கள் அட்டவணைப்படி 3.9 ஓம் வருகிறது. எது சரி?

#7 பழைய_ரேடியோ

இரண்டும் சரி. இரண்டும் வேறு வேறு கம்பிக்கு உரியவை.

காயில் கணக்குப் போடும் பக்கங்களில் பல, மின் சிகரெட்டுக்குக் காயில் சுற்றுபவர்களுக்காக எழுதப்பட்டவை. இந்தியாவில் 2019 முதல் அந்தப் பொருளுக்கே தடை. ஆனால் தேடினால் முதலில் வருவது அந்தக் கால்குலேட்டர்தான். அதில் இரண்டு விஷயங்கள் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும்.

முதலாவது, கேஜ். அமெரிக்க ஏடபிள்யூஜி. நம் கடைகளில் 28 கேஜ் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் எஸ்டபிள்யூஜி. எஸ்டபிள்யூஜி 28 என்பது 0.376 மி.மீ, ஏடபிள்யூஜி 28 என்பது 0.321 மி.மீ. எண் ஒன்று, ஓம் 37 சதம் வித்தியாசம்.

இரண்டாவது, உலோகம். அங்கே காந்தல் ஏ1 என்று இருக்கும். அது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை, தடை 1.45. நைக்ரோம் 1.09. இதில் 33 சதம்.

37 சதமும் 33 சதமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் 1.8 மடங்கு. உங்கள் 3.9 ஓம் 7.2 ஓம் ஆனது இப்படித்தான். அந்த 7.2 ஓமை நம்பி அடாப்டர் வாங்கினால் 1.7 ஆம்பியர் போதும் என்று தோன்றும். மாட்டிய பிறகு கம்பி 3 ஆம்பியர் கேட்கும்.

ஏடபிள்யூஜியில் ஒரு வசதி உண்டு: மூன்று எண் கூடினால் ஓம் இரட்டிப்பு, ஆறு எண் கூடினால் விட்டம் பாதி. எஸ்டபிள்யூஜியில் அப்படிச் சீரான படி கிடையாது. ஆகவே மனக்கணக்கு வேண்டாம், மி.மீ பார்த்து எழுதுங்கள்.

#8 தறிச்சத்தம்

கேஜ் நம்பரை நம்பவே வேண்டாம் என்பது என் கருத்து. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் சுருளில் ஒட்டிய சீட்டு கிழிந்திருக்கும், கடைக்காரர் நினைவில் இருப்பதைச் சொல்வார். கையில் வந்ததும் அளந்துவிடுங்கள்.

ஸ்க்ரூ கேஜ் இருந்தால் நேராக விட்டம். இல்லையென்றால் பென்சிலில் 20 சுற்று இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலில் பாருங்கள். எஸ்டபிள்யூஜி 28 என்றால் 7.5 மி.மீ, ஏடபிள்யூஜி 28 என்றால் 6.4 மி.மீ. கண்ணுக்கே தெரியும். ஆனால் விட்டத்தில் 5 சதம் பிழை வந்தால் ஓமில் 10 சதம் பிழை. அதனால் இது கேஜைக் கண்டுபிடிக்க மட்டும்.

ஓமுக்கு மல்டிமீட்டர். இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட வைத்துப் பாருங்கள், 0.2 முதல் 0.5 வரை காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை, அளவிலிருந்து கழிக்க வேண்டும். 10 செ.மீ துண்டை அளக்காதீர்கள், கழிக்கும் பிழையே அளவைத் தின்றுவிடும். முழுதாக ஒரு மீட்டர் விரித்து, மேசையில் டேப் போட்டு ஒட்டி, சுருண்டு தன்னைத்தானே தொடாமல் பார்த்து அளக்கவும். 28 எஸ்டபிள்யூஜி நைக்ரோம் என்றால் கழித்த பிறகு 9.8-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பழைய, கறுத்த கம்பி என்றால் முனைகளை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு அளக்கவும். அந்தக் கறுப்பு ஆக்சைடு படலம், மின்சாரத்தைக் கடத்தாது.

உலோகத்தைப் பிரித்தறிய ஒரு சின்ன காந்தம் போதும். 80/20 நைக்ரோம் காந்தத்தில் ஒட்டாது. காந்தல் ஒட்டும். இரும்புக் கம்பியும் ஒட்டும், ஆனால் அதன் ஓம் மிகக் குறைவாக இருக்கும்.

#9 நுரைத்தச்சன்

குளிர்ந்திருக்கும்போது அளக்கும் ஓம் சூடான பிறகும் அதேதானா? பல்பு இழையில் பல மடங்கு மாறும் என்று படித்திருக்கிறேன்.

#10 ஓம்கணக்கு

டங்ஸ்டனில் மாறும். நைக்ரோமில் சிவக்கும் வரை போனாலும் சில சதம்தான் ஏறும். தெர்மாகோல் வெட்டும் சூட்டில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை. 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து சூடேற்றும் கம்பிக்கு இந்தக் கலவையை விரும்புவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இன்னொன்று, மேலே படியும் குரோமியம் ஆக்சைடு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பது.

கிட்டார் கம்பி போட்டு வெட்டுபவர்கள் உண்டு. அது எஃகு. குளிரில் குறைந்த ஓம் காட்டி, சூடானதும் கணிசமாக ஏறும். மீட்டர் அளவை வைத்து அதற்குக் கணக்குப் போட்டால் பொருந்தாது.

#11 மின்மினி_பட்டறை

கணக்கு எல்லாம் சரி தம்பிகளா, எந்தக் கேஜ் எத்தனை நீளம்னு சொன்னாத்தான் வேலை நடக்கும். நான் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

தெர்மாகோல் 100 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும். கம்பி 250, 300 டிகிரி இருந்தா சுத்தமா வெட்டும். கம்பி செவக்கவே கூடாது. செவப்பு தெரியுதுன்னா 500-ஐத் தாண்டியாச்சு. வெட்டுன எடம் அகலமா உருகி, நூல் நூலா இழுக்கும், புகை வரும்.

காத்துல நேரா நிக்கிற கம்பிக்கு, 28லேருந்து 30 கேஜுக்கு, மீட்டருக்கு 30 வாட் பக்கம் ஆரம்பிங்க. பிளாக் பெருசு, வேகமாத் தள்ளணும்னா 40 வரைக்கும் ஏத்தலாம்.

12 வோல்ட்டுல எந்த ரெகுலேட்டரும் இல்லாம நேரா மாட்டணும்னா:
30 கேஜ், 60 செ.மீ. 8.4 ஓம், 1.4 ஆம்பியர், 17 வாட்.
28 கேஜ், 70 செ.மீ. 6.9 ஓம், 1.75 ஆம்பியர், 21 வாட்.

ரெண்டுமே 2 ஆம்பியர் அடாப்டருக்குள்ள அடங்குது. ஆனா 28 கேஜ் கொஞ்சம் இறுக்கம், 3 ஆம்பியர் அடாப்டர் இருந்தா நல்லது. அடாப்டர் மேல எழுதியிருக்கிற ஆம்பியர்ல எப்பவும் முக்கால்வாசிதான் எடுக்கணும்.

40 செ.மீ வில்லுல 28 கேஜை நேரா 12 வோல்ட்டுல போட்டா 37 வாட், மீட்டருக்கு 90 வாட்டுக்கு மேல. செவந்துடும். நம்ம தம்பியோட 32 கேஜும் 40 செ.மீ-ல மீட்டருக்கு 48 வாட் வாங்குது. அதாவது வேண்டிய சூட்டுக்கு மேலேயே ஓடிட்டு இருக்கு. சீக்கிரம் அறுகுறதுக்கு மெல்லிசா இருக்கிறது மட்டும் காரணம் இல்ல, இதுவும் காரணம்.

#12 ஓம்கணக்கு

அண்ணன் கொடுத்த எண்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரே வோல்ட்டில் ஒரே மேற்பரப்புச் சுமை வேண்டுமானால், நீளம் விட்டத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். 30-க்கு 60 செ.மீ, 28-க்கு 70-க்குள், 24-க்குக் கூட 85 செ.மீ பக்கம்தான். நீளம் அதிகம் மாறவில்லை. ஆம்பியர்தான் தாவுகிறது: 1.4, 1.75, பிறகு 3.2. தடித்த கம்பிக்கு விலை ஆம்பியரில்தான் கட்ட வேண்டியிருக்கும். ஒரே சூட்டுக்கு ஆம்பியர் விட்டத்தின் ஒன்றரை அடுக்கில் ஏறும். விட்டம் இரட்டித்தால் 2.8 மடங்கு ஆம்பியர்.

#13 நுரைத்தச்சன்

மரச்சட்டத்தை மாற்ற முடியாது, 40 செ.மீ-யே இருக்கட்டும். 24 கேஜின் உறுதியும் வேண்டும். வழி இருக்கிறதா? 12 வோல்ட் டிசி மோட்டார் வேகம் குறைக்கும் பிடபிள்யூஎம் போர்டு ஒன்று வாங்கி, 30 சதத்தில் வைத்தால்?

#14 பழைய_ரேடியோ

பிடபிள்யூஎம் போர்டு நல்ல பொருள், ஆனால் உங்கள் அடாப்டருக்குப் பின்னால் வேலை செய்யாது. அது வோல்ட்டைக் குறைப்பதில்லை, முழு 12 வோல்ட்டை வேகமாகத் திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரத்தில் கம்பி 6.7 ஆம்பியரையே கேட்கும். சராசரி 2 ஆம்பியர் என்று மீட்டர் காட்டினாலும் அடாப்டர் பார்ப்பது அந்த உச்சத்தை, மறுபடி மினுக்கும். 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பெரிய பவர் சப்ளைப் பெட்டி) அல்லது 12 வோல்ட் பைக் பேட்டரி என்றால் பிடபிள்யூஎம் தாராளமாகப் போதும். பேட்டரி என்றால் அதன் முனையிலேயே 10 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம்.

உங்களுக்குப் பொருந்துவது பக் கன்வர்ட்டர். எக்ஸ்எல்4015 சிப் வைத்த போர்டு சிறிய விலையில் கிடைக்கிறது. அது வோல்ட்டை உண்மையாகவே இறக்கி, அந்த அளவுக்கு உள்ளே வாங்கும் ஆம்பியரையும் குறைக்கும். 40 செ.மீ 24 கேஜுக்கு 300 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 13 வாட், அதாவது 2.7 ஆம்பியர், 4.8 வோல்ட். இதைக் கொடுக்க 12 வோல்ட் பக்கம் 1.3 ஆம்பியர்தான் செலவாகும். உங்கள் 2 ஆம்பியர் அடாப்டரே போதும்.

அமைக்கும் முறை: கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வோல்ட் திருகை 3 வோல்ட்டுக்கு இறக்குங்கள். ஆம்பியர் திருகையும் குறைத்து வையுங்கள். பிறகு கம்பியை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரு தெர்மாகோல் துண்டை வைத்துச் சோதித்துக்கொண்டே வாருங்கள். மீட்டரில் 5.5 வோல்ட்டைத் தாண்ட வேண்டியிருக்காது. அதைத் தாண்டியும் சூடு போதவில்லை என்றால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள், திருகை ஏற்றாதீர்கள்.

எல்எம்2596 போர்டு வேண்டாம். 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஹீட் சிங்க் இல்லாமல் தொடர்ந்து 2-ஐத் தாண்டினாலே கொதிக்கும்.

#15 செம்புக்கம்பி

அப்ப 5 வோல்ட் 3 ஆம்பியர் போன் சார்ஜரையே நேரா மாட்டலாம் போலிருக்கே?

#16 பழைய_ரேடியோ

24 கேஜ் 40 செ.மீ-க்குக் கணக்கு ஒத்துவருகிறது: 2.8 ஆம்பியர், 14 வாட். ஆனால் 3 ஆம்பியர் சார்ஜரை அதன் விளிம்பிலேயே ஓட்டுகிறீர்கள். கம்பி 38 செ.மீ ஆகிவிட்டால் எல்லைக்குப் போய்விடும். சூட்டைத் திருத்தவும் வழி இல்லை. அவசரத்துக்கு ஓடும், பட்டறைக்கு வேண்டாம்.

இந்த அளவு குறைந்த ஓமில் இன்னொன்றும் சேரும்: செப்பு ஒயரின் தடை. 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயர் ஒன்றரை மீட்டர் என்றால் போக, வர மூன்று மீட்டர், 0.07 ஓம். 32 கேஜின் 7.4 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. 24 கேஜின் 1.78 ஓமில் 4 சதம். சார்ஜர் கேபிளுக்குள் இருக்கும் ஒயர் இன்னும் மெல்லியது, அங்கே ஒரு வோல்ட்டின் பெரும்பகுதி தொலையலாம். 1 ஸ்கொயர் எம்எம் போட்டு, நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

#17 கூரைமேடு

மேடை அலங்காரத்துக்கு எழுத்து வெட்டுபவர்கள் சார்பில் ஒரு கேள்வி. 20 கேஜ் கம்பியை யூ வடிவில் வளைத்து, குடைந்து எடுக்க 15 செ.மீ போதும். அதற்கு என்ன பவர்?

#18 ஓம்கணக்கு

15 செ.மீ 20 கேஜ் கால் ஓம்தான். சூடேற 5 ஆம்பியர், ஆனால் வோல்ட் 1.3 மட்டும். எக்ஸ்எல்4015-இன் மிகக் குறைந்த வெளியீடே 1.25 வோல்ட், அதன் ஆம்பியர் எல்லையும் 5. இரண்டு பக்கமும் விளிம்பு, நீடித்து ஓடாது.

எளிய வழி, வடிவத்துக்கு 24 கேஜ் எடுப்பது. 15 செ.மீ-க்கு 0.67 ஓம், 2.7 ஆம்பியர், 1.8 வோல்ட். அதே பக் போர்டில் நிம்மதியாக ஓடும். யூ வடிவம் குட்டையானது, 24 கேஜே போதிய விறைப்போடு நிற்கும். 20 கேஜ்தான் வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியைத் தடித்த செப்புக் கம்பியில் சில சுற்று சுற்ற வேண்டிவரும். அது 230 வோல்ட்டைத் தொட்டுச் செய்யும் வேலை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவரிடம் கொடுத்து வாங்குங்கள்.

#19 தறிச்சத்தம்

230 வோல்ட் என்றதும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் ரெகுலேட்டர் அல்லது டிம்மர் வழியாகக் கம்பியை நேராக வீட்டு மின்சாரத்தில் மாட்டும் வீடியோக்கள் உலவுகின்றன. வெறுங்கையால் தொடக்கூடிய திறந்த கம்பி அது. டிம்மர் சூட்டைக் குறைக்குமே தவிர ஷாக்கைக் குறைக்காது. யாரும் செய்யாதீர்கள், பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்டுக்குச் சொல்லியும் கொடுக்காதீர்கள். பிரித்துக் காக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ நல்ல அடாப்டரோ நடுவில் இருந்தே ஆக வேண்டும்.

#20 செம்புக்கம்பி

இதே கணக்கு கரண்ட் அடுப்புக் காயிலுக்கும் பொருந்துமா? அறுந்த இடத்துல ரெண்டு முனையையும் முறுக்கி மாட்டுவாங்களே, அது கொஞ்ச நாள்ல மறுபடி போயிடுது.

#21 மின்மினி_பட்டறை

பொருந்தும். 1000 வாட் அடுப்பு 230 வோல்ட்டுல 53 ஓம். 24 கேஜ்ல சுத்துனா 12 மீட்டர் கம்பி, 26 கேஜ்ல சுத்துனா 8 மீட்டர். ரெண்டும் அதே 53 ஓம், அதே 1000 வாட். ஆனா 26 கேஜுக்கு மேற்பரப்பு பாதிதான். ஒரு சதுர செ.மீ-க்கு 24 கேஜ் 5 வாட்டுக்குள்ள தாங்குது, 26 கேஜ் 9 வாட் கிட்ட தாங்கணும். விலை கம்மின்னு மெல்லிசு காயில் வாங்குனா சீக்கிரம் போறது இதனாலதான்.

அறுந்ததை இழுத்து முறுக்கினா நீளம் குறையுது. பத்துல ஒரு பங்கு குறைஞ்சா வாட் 11 சதம்தான் கூடும், ஆனா மேற்பரப்புச் சுமை 23 சதம் கூடும். போதாததுக்கு முறுக்கின எடத்துல பிடிப்பு சரியில்லாம அங்கயே பொறி பறந்து கருகும். முறுக்காதீங்க, புதுக் காயில் போடுங்க.

#22 நுரைத்தச்சன்

கடைசியாக ஒன்று. 32 கேஜ் எப்போதும் ஸ்க்ரூ பக்கத்திலோ நடுவிலோதான் அறுகிறது. மாட்டும் முறையில் தவறா?

#23 மின்மினி_பட்டறை

ரெண்டு எடமும் ரெண்டு காரணம் தம்பி.

நடுவுல அறுந்தா அங்க மடிப்போ நெளிவோ இருந்திருக்கும், இல்ல சூட்டுல இழுத்து மெலிஞ்சிருக்கும். ஒரே கம்பிக்குள்ள ஆம்பியர் எல்லா எடத்துலயும் ஒண்ணுதான். அதனால எது மெல்லிசோ அது அதிகம் சூடாகும், மேலும் இளகும், மேலும் மெலியும். செம்புக்கம்பி முதல்ல சொன்னது இங்க அப்படியே பொருந்துது. கம்பி 5 சதம் நீண்டா ஓம் 10 சதம் ஏறும். எப்பவாவது மீட்டர் வச்சு அளந்து பாருங்க, அது ஏறியிருந்தா மாத்திடுங்க. சுருள்லேருந்து எடுக்கும்போது உருட்டி எடுக்கணும், மேலாக்க உருவி எடுத்தா நெளிவு விழும்.

40 செ.மீ கம்பி 300 டிகிரியில ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர் நீளும். அந்தத் தளர்வை வாங்க ஒரு பக்கம் ஸ்பிரிங் வேணும். குளிர்ந்திருக்கும்போதே வீணைத் தந்தி மாதிரி முறுக்கிடாதீங்க, லேசா விறைப்பா நின்னா போதும். ஸ்பிரிங் வழியா கரண்ட் போகக் கூடாது, அதுவும் சூடாகித் தளர்ந்துடும். ஸ்பிரிங்கைத் தாண்டி கம்பி முனைக்கே தனியா வளையிற ஒயர் கொடுங்க.

ஸ்க்ரூ பக்கம் அறுகுறதுக்குப் பிடிப்பு காரணம். நைக்ரோம்ல சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. ஒட்டின மாதிரி இருந்தாலும் 190 டிகிரிக்குள்ள உருகிடும். பித்தளை போல்ட், ரெண்டு வாஷர், நட்டு போடுங்க. கம்பியை வாஷருக்கு நடுவுல, நட்டு இறுகுற திசையில ஒரு சுத்து சுத்தி இறுக்குங்க.

இறுக்குறதுக்கு முன்னாடி முனையில 6 செ.மீ-ஐ மடிச்சு, 3 செ.மீ ரெட்டையா முறுக்கிடுங்க. அந்த எடத்துல ஒவ்வொரு இழைக்கும் ஆம்பியர் பாதி, சூடு கால் பங்கு. போல்ட் பக்கம் குளிர்ச்சியா இருக்கும், மரமும் கருகாது. ரெண்டு பக்கமும் சேர்த்து 12 செ.மீ கூடுதலா வெட்டிக்கணும்.

#24 கூரைமேடு

ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். இந்த வில்லில் தெர்மாகோலும் எக்ஸ்பிஎஸ் (அதே பாலிஸ்டைரீனின் அடர்ந்த நுரை) பலகையும் மட்டும் வெட்டுங்கள், அதுவும் காற்றோட்டத்தில். சன்போர்டு பிவிசி, சூட்டுக் கம்பி பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலையும் கெடுக்கும், கம்பியையும் அரிக்கும். மெத்தை, சோபாவுக்குப் போடும் ஃபோம் பாலியூரித்தேன், அதன் புகையில் சயனைடு வாயு கலந்திருக்கும். இரண்டுக்கும் கத்திதான்.

#25 நுரைத்தச்சன்

எல்லோருக்கும் நன்றி. எழுதி வைத்துக்கொண்டது இது: 24 கேஜ் எஸ்டபிள்யூஜி, 52 செ.மீ வெட்டி இரண்டு முனையும் மடித்து முறுக்கியது, எக்ஸ்எல்4015, 3 வோல்ட்டில் தொடக்கம், 1 ஸ்கொயர் எம்எம் ஒயர், அடாப்டர் பழையதே. முறுக்கிய இரு முனைகளுக்கும் சேர்த்து ஓம் கணக்கில் ஏதாவது கூட்ட வேண்டுமா?

#26 ஓம்கணக்கு

இரட்டையாக நிற்கும் 3 செ.மீ, ஒற்றையில் 1.5 செ.மீ-க்குச் சமம். இரு பக்கமும் சேர்த்து 3 செ.மீ, அதாவது 0.13 ஓம். மொத்தம் 1.9 ஓம். 2.7 ஆம்பியருக்கு வோல்ட் 5.2 பக்கம் நிற்கும். அண்ணன் சொன்ன 5.5 எல்லைக்குள்தான் இருக்கிறது.

#27 பழைய_ரேடியோ

எல்லை சொன்னது நான், இருக்கட்டும். வில்லைப் பிடிக்கும் கையிலேயே ஒரு புஷ் ஸ்விட்ச் வையுங்கள், அழுத்தினால் மட்டும் சூடாகும் வகை. அதை அடாப்டருக்கும் பக் போர்டுக்கும் நடுவில் போடுங்கள், கம்பிப் பக்கம் வேண்டாம். அங்கே 1.3 ஆம்பியர்தான் ஓடும், ஸ்விட்சின் சொந்தத் தடையும் கம்பிக் கணக்கில் சேராது.